பாவநாசம் பஸ்ஸில் ஏறிய பாரம்

வெள்ளிக்கிழமை, காலை 9.40.

'போதிய இடம் இல்லை' என்று போன் சொல்லிவிட்டது.

பிரம்மநாயகி இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தாள். அதே பதில்தான். அவள் கையிலிருந்தது கடையில் கிடைப்பதிலேயே விலை குறைந்த போன். ஒரு மூலையில் கீறல் வேறு. அலுவலகத்தில் அதற்கு 'மாமியார்' என்று பெயர் வைத்திருந்தார்கள். மாமியாருக்குப் பிடித்துவிட்டால் ஜில்லாவில் உள்ள அத்தனை போனுக்கும் பிடித்துவிடும் என்பது கணக்கு. இதுவரை எத்தனையோ குறை சொல்லியிருக்கிறது மாமியார். ஆனால் வாசலிலேயே நிறுத்தி, உள்ளே வராதே என்று சொன்னது இதுதான் முதல் தடவை.

"ஏட்டி ஸமீஹா, இங்கன வா. நம்ம ஆட்டம் போன்ல ஏறினா எவ்வளவு இடம் பிடிக்கும்?"

"அம்பத்திரெண்டு எம்.பி.க்கா. ஏன் கேக்குதிய?"

"வந்து பாரு."

ஸமீஹா வந்து பார்த்தாள். பெரிய போன் ஒன்றை எடுத்து, அதில் ஏற்றி, எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று பார்த்தாள். நூற்று முப்பத்து நான்கு. "யா அல்லா" என்று அவள் சொன்னது வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது.

வண்ணார்பேட்டையில் ஒரு பாத்திரக்கடைக்கு மேல்மாடியில் ஐந்து பேர் சேர்ந்து செய்த ஆட்டம் அது, போனில் விளையாடுகிற கேம். பெயர் 'பாவநாசம் பஸ்'. வண்ணார்பேட்டையில் ஆள் ஏற்றிக்கொண்டு ஜங்ஷன், பேட்டை, பத்தமடை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று ஒவ்வொரு ஊராக நிறுத்திப் பாவநாசம் போய்ச் சேர வேண்டும். நிஜத்தில் ஜங்ஷனிலிருந்துதான் அந்த பஸ் புறப்படும். ஆட்டம் பிறந்த இடம் வண்ணார்பேட்டை என்பதால் முதல் ஸ்டாப் இங்கேதான் என்று முதலாளி பிடிவாதமாகச் சொல்லிவிட்டார்.

விலை குறைந்த போன் செய்கிற கம்பெனி ஒன்றுக்கு ஆட்டம் பிடித்துப்போயிற்று. புதுப் போனை டப்பாவிலிருந்து எடுக்கும்போதே 'பாவநாசம் பஸ்' உள்ளே இருக்க வேண்டும் என்று கேட்டார்கள். ஒரே நிபந்தனை, அறுபது எம்.பி.க்கு மேல் இடம் பிடிக்கக் கூடாது. சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ஆட்டத்தை அனுப்ப வேண்டும். அதற்கு முன்னால் என்ஜினை மாற்ற வேண்டியிருந்தது. என்ஜின் என்றால் பஸ் என்ஜின் அல்ல, ஆட்டத்தை அடியிலிருந்து ஓட்டுகிற மென்பொருள். பழைய என்ஜினில் செய்த ஆட்டம் புதுப் போன்களில் ஓடாது. ஆகவே செவ்வாய்க்கிழமை ஸமீஹா புது என்ஜினுக்கு மாற்றினாள். புதனும் வியாழனும் பெரிய போனில் ஓட்டிப் பார்த்தார்கள். வண்டி வெண்ணெய் மாதிரி போயிற்று. எடையை யாரும் பார்க்கவில்லை.

படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. முதலாளி சிவசங்கரன். கீழே பாத்திரக்கடையும் அவருடையதுதான். எல்லோருக்கும் அண்ணாச்சி. எடை கூடிய சேதி அதற்குள் கீழே கடை வரைக்கும் போயிருந்தது.

"என்ஜினை மாத்தினது யாரு?"

"நான்தான் அண்ணாச்சி" என்றாள் ஸமீஹா.

"அப்போ எடை எப்படிக் கூடுச்சு?"

"தெரியல அண்ணாச்சி."

"தெரியலன்னு கம்பெனிக்காரன்ட்ட சொல்லவா?" அவர் குரலை உயர்த்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "சென்னையில ஒருத்தன் போன வருசமே கேட்டான், நிரல் வேலையை எங்கள்ட்ட குடுத்துருங்கன்னு. நம்ம பிள்ளைய பாத்துக்கிடும்னு சொல்லி அனுப்பினேன். நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள அறுபதுக்குக் கீழ வரலைன்னா ஆட்டம் அவன் கைக்குப் போயிரும். முகப்புல உன் பேரும் இருக்காது, தாயி. வேற வழியில்ல."

ஆட்டம் திறக்கும்போது ஒரு வரி வரும்: 'நிரல்: ஸமீஹா'. மேலப்பாளையத்தில் அவள் வாப்பா அந்த வரியைப் படம் பிடித்துத் தன் போன் முகப்பில் வைத்திருந்தார். தன் தையல்கடைக்கு அளவு கொடுக்க வருகிற ஒருவரையும் அதைக் காட்டாமல் அவர் அனுப்புவதில்லை.

"அண்ணாச்சி" என்றாள் பிரம்மநாயகி. "என்ஜின்தான் செஞ்சுதுன்னு யாரு பாத்தா?"

"என்ஜினை மாத்தினோம், எடை கூடுச்சு. பொறவு பேயா வந்து ஏறுச்சு?"

"அதைத்தான் பாக்கணும். நாளைக்குக் காலையில சொல்லுதேன்."

பிரம்மநாயகிக்கு அங்கே வேலை, ஆட்டத்தில் குறை கண்டுபிடிப்பது. அலுவலகத்தில் அதற்குச் சம்பளம் வாங்குகிறாள், வீட்டில் இலவசமாகச் செய்கிறாள் என்பார் அவள் கணவர். ஒரு குறையைப் பார்த்தால் அதற்குப் பக்கத்தில் நிற்கிற ஆளை அவள் உடனே பிடிப்பதில்லை. பக்கத்தில் நின்ற குற்றத்துக்காகவே எத்தனையோ நல்ல நிரல்கள் அடி வாங்கியிருப்பதை அவள் பார்த்திருக்கிறாள்.

காலை 11.15.

"ஸமீஹா, ஒண்ணுமே இல்லாத ஆட்டம் ஒண்ணு செய்ய முடியுமா? பஸ் இல்ல, ரோடு இல்ல, வெறும் என்ஜின் மட்டும்."

"முடியும்க்கா. எதுக்கு?"

"பழைய என்ஜின்ல ஒண்ணு செய்யி, புது என்ஜின்ல ஒண்ணு செய்யி. ரெண்டையும் நிறுத்துப் பாப்போம். காலிப் பாத்திரத்தோட எடை தெரிஞ்சாத்தானே உள்ள என்ன இருக்குன்னு தெரியும்?"

அரை மணி நேரத்தில் விடை வந்தது. பழைய காலி என்ஜின் பத்தொன்பது. புதுக் காலி என்ஜின் இருபத்தைந்து.

"ஆறு" என்றாள் ஸமீஹா. "வித்தியாசம் ஆறுதான்க்கா!"

"கூடினது எம்பத்திரெண்டு. அதுல என்ஜின் தின்னது ஆறு. மிச்சம் எழுபத்தாறை வேற எவனோ தின்னிருக்கான்."

ஸமீஹா முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. உடனே போயும் விட்டது. "ஆனா எக்கா, மாத்தின எல்லாத்துலயும் என் பேருதான் இருக்கு. செவ்வாக்கிழமை ஆயிரக்கணக்கான கோப்பு ஒரே மொத்தமா மாறியிருக்கு. அதுக்கு முன்னால சரியா இருந்துச்சு, அதுக்குப் பொறவு யாரும் தொடல. பூட்டின வீடு மாதிரி. சாவி என்கிட்ட மட்டும்தான்."

"வீட்டுக்குள்ள எந்த அறையில சாமான் கூடியிருக்குன்னு பாக்க முடியுமா?"

"ஒவ்வொரு ஸ்டாப்பையும் ஒரு மூட்டையாக் கட்டி வச்சிருக்கோம். படம், சத்தம், ஆளு, மாடு எல்லாம் அதுக்குள்ள. மூட்டை மூட்டையா எடை சொல்லலாம். உள்ள எது எவ்வளவுன்னு அது சொல்லாது."

"மூட்டை எடையே போதும்."

எடை போட்டார்கள். எல்லா ஊரும் பெருத்திருந்தது. ஆனால் ஒரே மாதிரி இல்லை. வண்ணார்பேட்டை இரண்டுகூட ஏறவில்லை. சேரன்மகாதேவி மட்டும் இருபத்திரண்டு ஏறியிருந்தது.

பிரம்மநாயகி அந்த இரண்டு எண்ணையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு படம் வரைகிற ஷிபினைக் கூப்பிட்டாள். களக்காட்டுப் பையன். அவன் வாய் சும்மா இருந்து யாரும் பார்த்ததில்லை.

"ஏலே ஷிபின், வண்ணார்பேட்டைக்கு எத்தனை படம் வரைஞ்ச?"

"அதை ஏன் கேக்குதிய! மேம்பாலம், துணிக்கடை, ஜூஸ்கடை, போர்டு போர்டா எழுத்து. கை ஒடிஞ்சு போச்சு. மூட்டையிலயே கனமான மூட்டை அதுதான்."

"சேரன்மகாதேவிக்கு?"

"அங்கன என்ன இருக்கு வரைய? வயக்காடு. ஒரு பச்சையை எடுத்து ரெண்டு பக்கமும் தேச்சு விட்டேன். அன்னிக்குச் சீக்கிரம் வீட்டுக்குப் போயிட்டேன்."

"செவ்வாக்கிழமை நீ இவ லேப்டாப்பைத் தொட்டியா?"

ஷிபின் ஒரு நொடி தயங்கினான். "ஒரு படம் மாத்தினேன்க்கா. அம்பாசமுத்திரம் ஆர்ச். ஒண்ணே ஒண்ணு. பென் டிரைவ்ல கொண்டுவந்து போட்டேன், அவ்வளவுதான். வேணும்னா பைபிள் மேல சத்தியம் பண்ணட்டா?"

"வேண்டாம்லே. போ."

செவ்வாய்க்கிழமை மாதாந்திரப் பராமரிப்புக்காக வண்ணார்பேட்டையில் காலையிலிருந்து மாலை வரை கரண்ட் கிடையாது. அந்த நாளில் மாடியில் ஒரு வழக்கம் உண்டு. இன்வெர்ட்டரில் ஒரே ஒரு மேஜைக்குத்தான் கரண்ட் வரும். அன்றைக்கு யாருக்கு முக்கியமான வேலையோ அவருக்கு அந்த மேஜை. மற்றவர்கள் நடுவில் கெஞ்சிக் கூத்தாடி, அங்கே இருக்கிற லேப்டாப்பில் ஐந்து நிமிடம் வாங்கிக்கொள்வார்கள். இந்த மாதம் என்ஜின் மாற்ற வேண்டும் என்பதால் மேஜை ஸமீஹாவுக்கு.

"அன்னிக்கு நீ மேஜையை விட்டு எந்திரிச்சியா?"

"மத்தியானம் லுஹர் தொழுகைக்குப் பின்னறைக்குப் போனேன். அப்படியே சாப்பிட்டுட்டு வந்தேன்."

"வந்ததும் என்ன நடந்துச்சு? ஒண்ணு விடாமச் சொல்லு."

"ஒண்ணும் நடக்கல. ஓட்டிப் பாக்கலாம்னு ஒரு பட்டனை அமுக்கினேன். பூதலிங்கம் அண்ணாச்சி குரல் காதைக் கிழிச்சிட்டு. எவரோ சத்தத்தை முழுசா ஏத்தி வச்சிருக்காங்க. நான் எப்பவும் சத்தத்தை அணைச்சு வச்சுத்தான் வேலை பாப்பேன், உங்களுக்கே தெரியும். கீழ பாத்திரம் வாங்க வந்தவங்க மேல எட்டிப் பாத்துட்டுப் போனாங்க."

பூதலிங்கம் அந்தத் தடத்தில் ஓடுகிற தனியார் பஸ்ஸின் கண்டக்டர். ஆட்டத்தில் ஊர் பெயரைக் கூவுகிற குரல் அவருடையது. பத்தமடையில் தொடங்கிப் பாவநாசம் வரைக்கும் ஒரே மூச்சில் சொல்வார். ஜங்ஷனில் அவர் கூவினால், பக்கத்து பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தவர்கள்கூட இறங்கி வந்துவிடுவார்கள் என்பார்கள்.

அண்ணாச்சியிடமும் கேட்டாள்.

"நான் கடை பில் ஒண்ணு பிரிண்ட் எடுக்கத் தொட்டேன். என்னையுமா சந்தேகப்படுதிய?"

"எல்லாரையும்தான் அண்ணாச்சி. என்னையும் சேத்து."

மிச்சம் இருந்தது ஹெப்ரான். ஒலிப்பதிவு அவர் வேலை. பாளையங்கோட்டையில் சர்ச் பாடகர் குழுவில் டெனர் என்கிற ஆண் மேல்ஸ்தாயி பாடுகிறவர். மேஜை விசிறி சுற்றுவதிலேயே சுருதி பிசகு கண்டுபிடிக்கிற காது. காலையிலிருந்து தன் மூலையில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, எதையும் கேட்காதவர்போல உட்கார்ந்திருந்தார்.

"ஹெப்ரான் தம்பி, செவ்வாக்கிழமை லேப்டாப்பைத் தொட்டியளா?"

"கரண்ட் இல்லாத அன்னிக்கு மைக்குக்கு என்னக்கா வேலை?"

"சரிதான்."

"புது என்ஜின் வந்த பொறவு சத்தம் எவ்வளவு தெளிவா இருக்கு, கேட்டியளா?" என்றார் அவராகவே. அதற்கு ஷிபின் அந்தப் பக்கத்திலிருந்து, "ஆமாக்கா, நேத்துப் பூரா அதைத்தான் பேசிக்கிட்டு இருந்தோம். போன மாசம் பூதலிங்கம் அண்ணாச்சி வந்து கேட்டுட்டு, குடத்துக்குள்ள உக்காந்து கூப்பிடுத மாதிரி இருக்குன்னு மூஞ்சியைத் தூக்கிட்டுப் போனாருல்லா? இப்பம் வந்து கேக்கட்டும்!" என்றான்.

பிற்பகல் 3.30.

பிரம்மநாயகி நல்ல ஹெட்போன் ஒன்றை மாட்டிக்கொண்டு, பெரிய போனில் 'பாவநாசம் பஸ்'ஸை ஓட்டினாள். ஜங்ஷன் தாண்டினாள். பத்தமடையில் பாய்க்கட்டோடு ஒருவர் ஏறினார். குறுக்கே மாடு வந்தது. ஹாரன் அடித்தாள். ஜலதோஷம் பிடித்த அதே பழைய ஹாரன். சேரன்மகாதேவியில் நிறுத்தினாள். ஆட்டத்தில் பஸ் அதிக நேரம் நிற்கிற ஊர் அது. டீக்கடைக்காரர் பேசுவார், வெள்ளரிக்காய் விற்கிற அம்மா படியில் ஏறி விலை சொல்லுவாள், கண்டக்டர் தாண்டி வந்த ஊரையும் விடாமல் முழுசாக ஒரு தடவை எல்லா ஊரையும் கூவுவார்.

பூதலிங்கம் கூவுவதற்கு முன்னால் மூச்சை இழுத்தார்.

பிரம்மநாயகி நிறுத்தினாள். மறுபடியும் கேட்டாள். ஒரு நீளமான மூச்சு. அதற்கும் பின்னால், எங்கோ வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற சலசலப்பு. பழைய ஆட்டத்தை எடுத்து அதே இடத்தில் கேட்டாள். மூச்சும் இல்லை, தண்ணீரும் இல்லை. சும்மா ஒரு இரைச்சல்.

மறுபடியும் புது ஆட்டம். மாட்டைத் தேடிப் போய் ஹாரன் அடித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று தடவை. பஸ் கதவைச் சாத்தினாள். மழையை வரவழைத்தாள். பிறகு ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினாள்.

"எக்கா, என்னாச்சு?" என்றாள் ஸமீஹா வாசல் வரைக்கும் வந்து.

"வீட்டுக்குப் போயி நல்லாச் சாப்பிட்டுத் தூங்கு. நாளைக்கு வேலை கிடக்கு."

சனிக்கிழமை, காலை 10.00.

நான்கு பேர் இன்வெர்ட்டர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அண்ணாச்சி மட்டும் நின்றார்.

"முதல்ல என்ஜின்" என்றாள் பிரம்மநாயகி. "அது தின்னது ஆறு எம்.பி. காலி என்ஜினை நிறுத்துப் பாத்தாச்சு. அதை விட்டுருவோம். அடுத்தது படம். படந்தான் கூடியிருந்தா, படம் நிறைய இருக்குத வண்ணார்பேட்டை மூட்டைதான் ரொம்ப வீங்கியிருக்கணும். அது ரெண்டுகூட ஏறல. ஒரு பச்சையைத் தேச்சு விட்ட சேரன்மகாதேவி இருபத்திரெண்டு ஏறியிருக்கு. ஷிபின் சோம்பேறி, ஆனா குத்தவாளி இல்ல."

"தேங்க்ஸ்க்கா" என்றான் ஷிபின்.

"சேரன்மகாதேவியில அப்படி என்ன கூடுதலா இருக்கு? பேச்சு. ஆட்டத்துலயே ஆளுக அதிகம் பேசுத ஊரு அதுதான். வண்ணார்பேட்டையில வெறும் வண்டிச் சத்தம். அப்போ ஏறின பாரம் படம் இல்ல, சத்தம். ரெண்டு நாளா எல்லாரும் சொன்னிய, புது என்ஜின்ல சத்தம் தெளிவா இருக்குன்னு. நானும் தலையாட்டினேன். நேத்துத்தான் உறைச்சுது. நம்ம சத்தத்தை எல்லாம் இடம் பத்தாதுன்னு நசுக்கி வச்சிருந்தோம். நசுக்கினதுல பூதலிங்கம் அண்ணாச்சி இழுத்த மூச்சு போயிட்டு, வாய்க்கால் தண்ணிச் சத்தம் போயிட்டு. போனது போனதுதான். எந்த என்ஜினாலயும் இல்லாத தண்ணியை ஓடவைக்க முடியாது. அப்போ, நசுக்காத அசல் பதிவு உள்ள வந்திருக்கு."

"புது என்ஜின் தானாவே நசுக்குததை நிறுத்தியிருக்கலாமே?" என்றார் அண்ணாச்சி.

"நானும் அப்படித்தான் நினைச்சேன். பொறவு ஹாரன் அடிச்சுப் பாத்தேன். அதே ஜலதோஷம். கதவுச் சத்தம், மழை, எல்லாம் பழைய மாதிரியே நசுங்கித்தான் கிடக்கு. மாறினது மனுசக் குரல் மட்டும். அண்ணாச்சி, என்ஜினுக்கு ஹாரன் எது, கண்டக்டர் எதுன்னு தெரியாது. அதுக்கு எல்லாம் ஒரு கோப்பு. மனுசக் குரலா மட்டும் பாத்துப் பொறுக்கி எடுத்தது ஒரு மனுசன்தான்."

கீழே யாரோ எவர்சில்வர் குடத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அந்த மனுசன் செவ்வாக்கிழமை ஸமீஹா தொழுகைக்குப் போனப்ப இங்கன உக்காந்தாரு. அண்ணாச்சி பில் அடிச்சாரு, ஷிபின் படம் போட்டான். ரெண்டுக்கும் சத்தம் தேவையில்ல. ஆனா அவ திரும்பி வந்தப்ப சத்தம் முழுசா ஏத்தியிருந்துச்சு. ஒருத்தரு கேட்டுப் பாத்திருக்காரு. நேத்து நான் கேட்டப்ப மூணு பேருல ரெண்டு பேரு 'தொட்டேன்'னு சொன்னாங்க. ஒருத்தரு மட்டும் 'மைக்குக்கு என்ன வேலை'ன்னு என்கிட்டயே திருப்பிக் கேட்டாரு. தொடலன்னு சொல்லல. பொய் சொல்ல வாய் வரல அவருக்கு." அவள் திரும்பினாள். "ஹெப்ரான் தம்பி, மிச்சத்தை நீங்க சொல்லுதியளா, நான் சொல்லட்டா?"

ஹெப்ரான் ஹெட்போனைக் கழுத்திலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"பூதலிங்கம் அண்ணாச்சி இந்த நாற்காலியிலதான் இருந்தாரு" என்றார். "இது நான் இல்லவே, எவனையோ குடத்துக்குள்ள இறக்கி விட்டுக் கூப்பிடச் சொல்லியிருக்கியன்னாரு. அந்தத் தடத்துல ஒரே மூச்சுல அத்தனை ஊரையும் சொல்ல இன்னொரு ஆள் கிடையாது. அவர் மூச்சையே நாம வெட்டிப்போட்டுட்டோம். அடுத்த தடவ உங்க குரல் உங்க குரலா இருக்கும்னு நான் வாக்குக் குடுத்தேன். ஸமீஹாட்ட மூணு தடவ கேட்டேன். சத்தத்துக்கு இவ்வளவுதான் இடம்னு சொல்லிட்டா. அன்னிக்கு எல்லாக் கோப்பும் ஒரே மொத்தமாப் போவுது, எவரும் பிரிச்சுப் பாக்கப் போறதில்லன்னு..." நிறுத்தினார். "அஞ்சு எம்.பி. கூடும்னு நினைச்சேன். நூத்தி முப்பத்தி நாலுன்னதும் எல்லாரும் என்ஜின் என்ஜின்னிய. எனக்கும் அது வசதியா இருந்துச்சு."

"நேத்துப் பூரா என் பேரைத்தான் சொன்னாங்க" என்றாள் ஸமீஹா. "நீங்க அந்த மூலையில இருந்து கேட்டுக்கிட்டு இருந்திய."

"தப்புத்தான். ஹெட்போன்ல ஒண்ணும் ஓடல. எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

அண்ணாச்சி பெருமூச்சு விட்டார். "சரி, முடிஞ்சுது. பழைய குரலையே போட்டு அனுப்புங்க. அம்பத்திரெண்டும் ஆறும் அம்பத்தெட்டு. அறுபதுக்குள்ளதான். ஸமீஹா, நான் பேசினதை மனசுல வச்சுக்கிடாத."

எல்லோரும் எழுந்தார்கள். ஸமீஹா எழவில்லை. ஹெப்ரான் வைத்த ஹெட்போனை எடுத்துத் தன் காதில் மாட்டினாள். சத்தத்தை அணைத்து வைத்தே வேலை பார்க்கிறவள், சேரன்மகாதேவி ஸ்டாப்பை முதல் தடவையாக உட்கார்ந்து கேட்டாள். மூச்சு. தண்ணீர். பிறகு அந்தக் குரல், பத்தமடையில் தொடங்கி ஒரு இடத்திலும் உடையாமல் பாவநாசம் வரைக்கும்.

"அனுப்பாதிய அண்ணாச்சி" என்றாள்.

"என்னது?"

"அஞ்சு மணி வரைக்கும் நேரம் இருக்குல்லா? டப்பாவைத் திறந்ததும் நம்ம ஆட்டம் பேசணும். அப்பம் இந்தக் குரல்தான் பேசணும். குடத்துக்குரல் வேண்டாம்."

"ஏட்டி, கிடைச்ச அம்பத்தெட்டை விட்டுட்டா?"

"அம்பத்தெட்டு கையிலதானே இருக்கு, எங்க போயிரும்? நாலரை வரைக்கும் குடுங்க." அவள் ஹெப்ரானைப் பார்க்காமலே நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டாள். "உக்காருங்க. உங்க மேல உள்ள கோவம் தனி. வேலை தனி. இது எத்தனை மைக்ல எடுத்தது?"

"ரெண்டு. இடது காதுக்கு ஒண்ணு, வலது காதுக்கு ஒண்ணு."

"மாமியாருக்கு ஒரு வாய்தானே? ஒரே ஸ்பீக்கர். ரெண்டு எதுக்கு?"

ஹெப்ரான் நெற்றியில் அடித்துக்கொண்டார். ஒன்றாக்கியதில் பாதி பாரம் அப்படியே இறங்கியது. பிறகு அவர் காதும் அவள் கையுமாக வேலை நடந்தது. ஒவ்வொரு குரலையும் அவள் கொஞ்சம் கொஞ்சமாக நசுக்குவாள். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே இருப்பார். மூச்சு மங்குகிற இடத்தில் "போதும்" என்பார். ஒரு படி மேலே ஏற்றி நிறுத்துவார்கள். பேச்சுக்கு முன்னும் பின்னும் கிடந்த வெறும் அமைதியை வெட்டினார்கள். சாப்பாட்டு நேரம் வந்ததும் ஷிபின் ஐந்து பொட்டலம் வாங்கி வந்தான். மற்ற யாரும் பிரிக்கவில்லை, அவன் மட்டும் தன்னுடையதைத் தின்றுவிட்டான்.

எடை போட்டார்கள். அறுபத்து மூன்று.

"மூணு" என்றார் அண்ணாச்சி, தன் பல்லையே பிடுங்கியதுபோல. "பாழாப்போன மூணு!"

"என் மேம்பாலத்தை வேணும்னா எடுத்துருங்க" என்றான் ஷிபின். அவன் அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

ஸமீஹா புது என்ஜின் தன்னோடு கொண்டுவந்த சாமான்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எக்கா, இதைப் பாருங்க. கடல் அலை அடிக்கதுக்கு ஒரு கணக்கு. துணி காத்துல பறக்கதுக்கு ஒண்ணு. கண்ணாடி மாட்டிக்கிட்டு ஆடுத ஆட்டத்துக்கு ஒண்ணு. பாவநாசத்துக்குப் போற பஸ்ஸுக்கு எதுக்குக் கடல்?"

"இறக்கி விடு" என்றாள் பிரம்மநாயகி.

ஒவ்வொன்றாக இறக்கினாள். ஒவ்வொன்றை இறக்கியதும் வண்டி ஓடுகிறதா என்று பிரம்மநாயகி ஓட்டிப் பார்த்தாள். மூன்று மணி தாண்டிக் கொஞ்ச நேரத்தில் மாமியார் கையில் கொடுத்தார்கள். ஒரு பச்சைக் கோடு பைய நகர்ந்து முழுசாயிற்று. திரையில் பஸ் வந்து நின்றது. எடை ஐம்பத்தொன்பது.

அண்ணாச்சி திரும்பிக்கொண்டு துண்டால் முகத்தைத் துடைத்தார். "அனுப்பட்டா?" என்றார் பிறகு.

"இன்னும் ஒரு ஆள் சரின்னு சொல்லணும்" என்றார் ஹெப்ரான்.

மாலை 4.05. ஜங்ஷன் பஸ் நிலையம்.

பாலம் தாண்டி இரண்டு ஸ்கூட்டரில் வந்திருந்தார்கள். ஹெப்ரானும் ஷிபினும் ஒன்றில், ஸமீஹாவும் பிரம்மநாயகியும் இன்னொன்றில். அண்ணாச்சி மாடியில், விரலைப் பட்டனுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போனில் காத்திருந்தார். பூதலிங்கம் பஸ் படியில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். மாமியாரைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார்.

"இந்த ஓட்டைப் போன்லயா? போன தடவ பெரிய பெட்டியிலயே குடத்துக்குள்ள கெடந்தேன்."

"ஒரு தடவ கேளுங்க அண்ணாச்சி. பொறவு ஏசுங்க" என்றார் ஹெப்ரான். தலைக்கு மேலே போனைத் தூக்கிப் பிடித்துப் பட்டனை அமுக்கினார்.

போன் மூச்சை இழுத்தது.

"பத்தமட சேரமாதேவி வீரவநல்லூர் கல்லிடைக்குறிச்சி அம்பை பாவநாசம்... பாவநாசம்!"

அடுத்த பஸ்ஸின் நிழலில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, இரண்டு கட்டைப்பையையும் வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்து ஓடி வந்தாள். பூதலிங்கத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக ஹெப்ரான் முன்னால் போய் நின்றாள். "ஏய்யா, வண்டி எங்க நிக்கி? வீரவநல்லூருக்கு ரெண்டு டிக்கெட் குடு."

"எம்மா, இது போனு" என்றான் ஷிபின்.

"போனா?" அவள் நம்பாமல் அதை எட்டிப் பார்த்தாள். "அட சவமே. ஆளு கூப்பிட்டாருன்னுல்லா ஓடியாந்தேன்."

பூதலிங்கம் டீக் கிளாசைப் படியில் வைத்தார். மீசையை ஒரு பக்கமாகத் தடவினார். கண் மட்டும் ஹெப்ரானையும், அவர் பக்கத்தில் நின்ற ஸமீஹாவையும் பார்த்துக்கொண்டிருந்தது.

ஸமீஹா போனில் மெதுவாகச் சொன்னாள்: "அண்ணாச்சி, அனுப்புங்க. முகப்புல என் பேருக்குக் கீழ இன்னொரு வரி எழுதி வச்சிருக்கேன், பாத்தியளா? 'குரல்: பூதலிங்கம், கண்டக்டர், ஒலி: ஹெப்ரான்.' அதை எடுத்துராதிய."

டிரைவர் ஹாரன் அடித்தார். நிஜ ஹாரன், ஜலதோஷம் எதுவும் இல்லாமல்.

"ஆளுதான் கூப்பிட்டான் தாயி" என்றார் பூதலிங்கம், கட்டைப்பை ஒன்றை அந்த அம்மாவின் கையிலிருந்து வாங்கிக்கொண்டே. "அது நான்தான். ஏறு."